நடுவில் ஒரு முடி

என் கணவர் எடைமெஷின் மெக்கானிக். ஊரில் எந்தக் கடைத் தராசு பொய் சொன்னாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அத்தனை தராசுகளுக்கும் நியாயம் சொல்லிவிட்டு வருகிற மனிதர், வீட்டு வாசலைத் தாண்டியதும் தானே ஒரு தராசாகிவிடுவார். எந்தப் பக்கமும் சாயமாட்டார். காபியா டீயா என்று கேட்டால்கூட, "ரெண்டுலயும் ஒரு நல்லது இருக்கு" என்பார். நானோ கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லி, பதில் முடிவதற்குள் கோபப்படுகிறவள். எங்கள் கல்யாணம் எப்படி இத்தனை வருஷம் ஓடுகிறது என்பது என் நாத்தனாருக்கு இன்றுவரை புரியாத கணக்கு. அவள் கணக்கு டீச்சர் வேறு. எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள்.

அந்தக் கோடையில் எங்கள் சாப்பாட்டு மேஜை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பாதியில் நாங்கள் சாப்பிட்டோம். மறு பாதியில் பழைய செய்தித்தாள் விரித்து, இவர் என் சைக்கிளின் எஞ்சினைத் திறந்து போட்டிருந்தார். திறந்தவர் மூடவில்லை.

என் சைக்கிள் சாதாரண சைக்கிள்தான். நடுச்சட்டத்தில் ஒரு சின்ன எஞ்சின் பூட்டியிருக்கும். நாலு மிதி மிதித்துக் கிளட்சை விட்டால் படபடவென்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் மேடாவது பள்ளமாவது. பின்னால் கேரியரில் என் பெட்டி: கத்தரிக்கோல்கள், சீப்புகள், மெஷின், வெள்ளைத் துணி. முடி வெட்டுவது என் தொழில். கடை கிடையாது. வெளியே வர முடியாதவர்களின் வீட்டுக்குப் போய் வெட்டிவிட்டு வருவேன். படுக்கையில் இருப்பவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள், வெளியே வர முடிந்தும் மனிதர்களைப் பார்க்கப் பிடிக்காத ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி. இவர்களில் முக்கால்வாசிப் பேர் இருப்பது மேல்தெருக்களில். பஸ், மேட்டின் அடியிலேயே திரும்பிவிடும். அந்த மேட்டை மிதித்து ஏற என் முழங்கால் சம்மதிக்காது. ஆக, எஞ்சின் இருந்தால் தொழில் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அந்த எஞ்சின் ஒரு தடவை என்னைத் தள்ளியும் விட்டது. பழைய பிஸ்டன் தேய்ந்துபோனதால் இவர்தான் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டார். தராசில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் எடை தப்பும் அல்லவா? அதே கண்ணோடு, சிலிண்டருக்குள் ஆட்டமே இல்லாத பிஸ்டனாக, கடைக்காரரின் பொறுமை தீரும்வரை பொறுக்கி எடுத்து வந்தார். "பாரு, நடுவுல ஒரு முடிகூட நுழையாது" என்று என்னிடம் காட்டினார். நானும் வாயைப் பிளந்து பார்த்தேன். ஆனால் எஞ்சின் தராசு இல்லை. சூடேறினால் பிஸ்டன் பருக்கும், பருக்க அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். நல்ல வெயிலில், மேட்டின் நடு வளைவில், பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டது. பின்சக்கரம் நின்றது. நான் நிற்கவில்லை.

தோள்பட்டை எலும்பு விரிசல். கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தேன். கட்டுப் பிரித்த அன்று டாக்டர், "முடி வெட்டலாம், சைக்கிள் ஓட்டலாம். வீட்டுக்காரரை அடிக்க மட்டும் கொஞ்ச நாள் பொறுங்க" என்றார். சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்புறம்தான் சிரிப்பு போனது.

சிலிண்டரின் உள்சுவர் முழுக்கக் கீறல். பிஸ்டனோடு அதையும் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. இவர் மாற்றவில்லை. தினமும் சாப்பிட உட்காரும்போது ஒரு விளக்கம் மட்டும் வரும்.

"இந்த எஞ்சின்ல ரெண்டு தினுசு இருக்கும்மா. ஒண்ணுல பிஸ்டன் ஏறி இறங்குற தூரம் முப்பத்தெட்டு மில்லி, இன்னொண்ணுல நாப்பது. மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நம்ப முடியாது. தூரத்துக்குத் தகுந்த மாதிரி, பிஸ்டனைத் தாங்குற 'பின்'னுங்கிற கம்பி போற ஓட்டை மேலயோ கீழயோ இருக்கும்."

"நம்மளது எது?"

"அதான் தெரியல."

"அளந்து பாருங்களேன்."

"அளக்கலாம். ஆனா தேஞ்ச எஞ்சின், அளவு சரியா காட்டுமான்னு..."

மண்டை காய்ந்துவிடும் எனக்கு. ஊருக்கெல்லாம் அளந்து கொடுக்கிறவர், கையில் மில்லி அளக்கும் வெர்னியர் வைத்திருக்கிறவர், இரண்டு மில்லிக்கு இப்படித் தடுமாறினால் என்ன செய்வது?

இன்னொரு கூத்து அவர் தலை. கல்யாணமான நாளிலிருந்து அவர் தலையில் என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. என் கையில் கட்டு இருந்தபோது வளர ஆரம்பித்த முடி, கட்டுப் பிரித்த பிறகும் வளர்ந்துகொண்டிருந்தது. காதை மூடி, காலரில் புரண்டது. "உக்காருங்க, வெட்டிவிடறேன்" என்றால், "உன் தோள் இன்னும் கொஞ்சம் ஆறட்டும்" என்பார். வேறு கடைக்கும் போகமாட்டார்.

"அண்ணி, அண்ணன் ஏதாவது பாட்டுக் கச்சேரியில சேரப்போறாரா?" என்று நாத்தனார் மாடிப்படியில் நின்று கேட்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை காலை நீதிபதி ஃபோன் செய்தார். எப்போதும் தீர்ப்பு வாசிக்கிற குரல்தான் அவருக்கு. "இங்க ஒரு பொண்ணு ஸ்கூட்டர்ல வருது. தெருவுல நாலு வீட்டுக்கு வெட்டுதாம். மருமக அதையே வரச் சொல்லலாம்னு சொல்றா. நான் திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். அதுக்கு மேல வீட்டுல சண்டை போட எனக்குத் தெம்பில்ல" என்றார். அவர் ஒருவர் கை மாறினால் தெருவே கை மாறும். வீடு வீடாக, தலை தலையாக நான் சேர்த்த இடம் அது. 

ஃபோனை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். எஞ்சின் முன்னால் உட்கார்ந்து ஒரு போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த போல்ட்.

"திங்கட்கிழமை நான் மேல போகணும்" என்றேன்.

"பார்க்கலாம்" என்றார்.

அந்த 'பார்க்கலா'மில் என் பொறுமை அறுந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கடைவீதியில் சைக்கிள் சாமான் கடை வைத்திருப்பவருக்கு 'இருக்கும்' என்று பெயர். எதைக் கேட்டாலும் தலையைத் தூக்காமல் "இருக்கும்" என்பார். பிறகுதான் தேடுவார். கூரையிலிருந்து தொங்கும் டியூப்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய், சிலிண்டரும் பிஸ்டனும் வேண்டும் என்றேன்.

"இருக்கும்" என்றார். "பழசு கொண்டாந்தீங்களா?"

"இல்ல."

"பழசு இல்லாம எப்படிங்க பொருத்தம் பார்க்கிறது?"

கோபத்தைத் தவிர வேறெதையும் நான் கொண்டுவரவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் இரண்டு பிஸ்டன்களைக் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்தார். கவிழ்த்து வைத்த சின்ன டம்ளர்கள் மாதிரி இருந்தன. ஒரே அகலம், ஒரே உயரம். குறுக்கே பின் போகிற ஓட்டை மட்டும் ஒன்றில் உச்சிக்குக் கொஞ்சம் பக்கத்தில், இன்னொன்றில் கொஞ்சம் தள்ளிக் கீழே.

"மேல் ஓட்டையா, கீழ் ஓட்டையா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். செத்தாலும் மாட்டேன் என்று இருந்தது. என் தொழிலில், கத்தரிக்கோலின் திருகுக்கும் விரல் வளையத்துக்கும் நடுவே நீளம் கூடினால் கைக்கு வலி குறையும், வெட்டு சுகமாக விழும். திருகு வளையத்தை விட்டுத் தள்ளி இருப்பது நல்லதென்றால், ஓட்டையும் உச்சியை விட்டுத் தள்ளி இருப்பதே நல்லது என்று அந்தக் கணக்கை இதற்கும் போட்டேன்.

"கீழ் ஓட்டை" என்றேன், பிறந்ததிலிருந்து பிஸ்டனோடு புழங்கியவள் மாதிரி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இவர் ஏதோ கிடங்கில் பெரிய தராசு மக்கர் செய்கிறதென்று போயிருந்தார். நான் நாத்தனாரைக் கீழே கூப்பிட்டேன்.

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரிஞ்சா இன்னும் ஒரு வருஷம் யோசிப்பார். நீ அந்தத் துணியை எடு."

வேலை ஒன்றும் பெரிய வித்தையாக இல்லை. இத்தனை நாள் சோற்றோடு சேர்த்து அவர் ஊட்டிய விளக்கமெல்லாம் கைக்கு உதவியது. பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறி புகை போகிற பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங்குகளின் வாய், அதனதன் சின்ன ஆணியில் உட்கார வேண்டும். பின்னைச் செருகி, அது நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் கம்பி வளையம் மாட்ட வேண்டும். ஒரு வளையம் துள்ளி அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. கணக்கு டீச்சர் தரையில் படுத்துத் தேடி எடுத்தாள். ரிங்குகளை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிலிண்டரை மேலிருந்து இறக்கினேன். பொடிசுகளின் காது மடலை மடக்கிப் பிடித்து வெட்டிப் பழகிய விரல்கள், அதனால் சுலபமாக இறங்கியது. பக்கத்துப் பல்சக்கரத்தைக் கையால் சுற்றினேன். பிஸ்டன் வழுக்கிக்கொண்டு மேலே வந்தது, சிலிண்டரின் விளிம்புக்கு மேல் ஒரு மொட்டைத் தலை மாதிரி எட்டிப் பார்த்தது, இறங்கிப் போனது.

"அண்ணி!" என்றாள் நாத்தனார். இரண்டு பேரும் எண்ணெய்க் கையோடு கையைத் தட்டிக்கொண்டோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூடி மாதிரி மேலே உட்காரும் ஹெட்டை எடுத்தேன்.

"ஹெட்டை வைக்காதே!"

வாசலில் இவர் நின்றிருந்தார். தோளில் பை அப்படியே இருந்தது. செருப்போடு உள்ளே வந்தார், அதுவே எங்கள் வீட்டில் அதிசயம். பல்சக்கரத்தைச் சுற்றிப் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, விளிம்பில் நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் தட்டி நின்றது.

"கீழ் ஓட்டை வாங்கியிருக்க. நம்ம எஞ்சின் நாப்பது. இதுக்கு மேல் ஓட்டைதான். இப்படியே ஹெட்டை இறுக்கி மிதிச்சிருந்தீன்னா முதல் சுத்துலயே முட்டி, எல்லாம் போயிருக்கும்."

மளமளவென்று சொல்லி முடித்தார். 'ஆனா' இல்லை, 'ஒருவேளை' இல்லை, 'ரெண்டுலயும் நல்லது' இல்லை. நான் ஹெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள், வகுப்பில் பையனை எழுப்பி நிறுத்துகிற குரலில்.

"அண்ணா, நாப்பதுன்னு எப்ப தெரிஞ்சது?"

அவர் திருதிருவென்று விழித்தார். காதை மூடிய முடியோடு அந்த முழி பார்க்கச் சிரிப்பாக இருந்திருக்கும், வேறொரு நாளாக இருந்தால். "அடுப்புல பால் வெச்சிட்டு வந்தேன்" என்று நாத்தனார் மாடிக்கு நழுவினாள். அவள் பால் குடிப்பதே இல்லை.

"எனக்குச் சொல்லுங்க" என்றேன்.

நேராக அலமாரிக்குப் போனார். எடைக்கற்கள் வைக்கும் மரப்பெட்டியைத் திறந்தார். கற்களின் வரிசைக்குப் பின்னால், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ஒரு சிலிண்டர். அதற்குள் ஒரு பிஸ்டன். ஓட்டை உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது.

"எப்ப வாங்கினது?"

"நீ கையில கட்டோட வந்தியே, அதுக்கு மறுநாள்."

"அப்போ இத்தனை நாளா முப்பத்தெட்டு, நாப்பதுன்னு என்கிட்ட பாடினது?"

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பூட்டினா நீ மேல போவ" என்றார். "போன தடவையும் நான் பொறுக்கினதை நம்பித்தானே போன?"

எனக்கு அழுகை வந்தது. ஆனால் என் கோபம் எதற்கும் வழிவிடாது, அது அழுகையைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றது.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன். நல்லா திட்டியிருப்பேன். திட்டி முடிச்சிட்டு ரெண்டு பேருமா மாட்டியிருக்கலாம் இல்ல? அந்த ஸ்கூட்டர்க்காரி என் தலையெல்லாம் கொண்டுபோறா, நீங்க போல்ட்டைத் துடைச்சுக்கிட்டு இருக்கீங்க!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்ததில் முடி கண்ணை மூடியது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆனது. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க."

"தோள்..."

"உக்காருங்கன்னேன்."

உட்கார்ந்தார். வெள்ளைத் துணியைக் கழுத்தைச் சுற்றிக் கட்டினேன். கையை உயர்த்தினேன். தோள் கொஞ்சம் முனகியது, அப்புறம் தன் வேலையைப் பார்த்தது. சீப்பு, கத்தரி, சீப்பு, கத்தரி. முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. வலது காது வெளியே வந்ததும் நிறுத்தினேன். அதன் நுனியில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது.

"இது யார் பண்ணினது?"

"நீ. டிவி பார்த்துக்கிட்டே வெட்டின."

"ரத்தம் வந்ததா?"

"சட்டையெல்லாம்."

"அடுத்த மாசம் யார்கிட்ட போய் வெட்டிக்கிட்டீங்க?"

"உன்கிட்டதான்."

"ஏன்? ரெண்டு பக்கமும் யோசிக்காமச் சொல்லுங்க."

"உன்கிட்ட இல்லாம வேற யார்கிட்ட..." என்று ஆரம்பித்தவர், அங்கேயே நிறுத்திவிட்டார்.  கத்தியை எடுத்து அவர் பிடரியை வழித்தேன். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

துணியை உதறியதும் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு நேராக மேஜைக்குப் போனார். நான் பூட்டியதை அவிழ்த்தார். பெட்டியில் இருந்த பிஸ்டனை ரிங் போடாமல் புதுச் சிலிண்டருக்குள் விட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு முடி கொண்டா."

தரையிலிருந்து அவர் முடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே அதை விட்டார். நுழைந்தது. "இழு" என்றார். முனையைப் பிடித்து இழுத்தேன். லேசாக உரசிக்கொண்டு, அறுந்துபோகாமல், முழுசாக வெளியே வந்தது. சிலிண்டரைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் என்னையே பார்க்கச் சொன்னார். நாலு பக்கமும் முடி வந்தது.

"இந்தத் தடவை கடையில இதைத்தான் பார்த்தேன்" என்றார். "கடைக்காரர் பக்கத்துல இல்லாதப்போ, தலையிலேர்ந்து ஒண்ணைப் பிடுங்கி."

நான் சிரித்துவிட்டேன். அவரும் அசடு வழிந்தார். பொழுது சாய்வதற்குள் எஞ்சின் சைக்கிளில் ஏறிவிட்டது. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து முழுசாக விரித்தோம், எங்கள் இரண்டு பேருக்கு அது தேவைக்கு அதிகமாகவே பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமை காலை கிளம்பும்போது ஒரே ஒரு கட்டளை. "புது பிஸ்டன் பழகுற வரைக்கும் அரை வேகம். நடு வளைவுல நிறுத்தி ஆறவிட்டுத்தான் மேல போகணும்." சரி என்றேன். மிதித்து, கிளட்சை விட்டேன். படபடவென்று பிடித்துக்கொண்டது. நாத்தனார் மாடியிலிருந்து கை தட்டினாள்.

மேட்டில் எஞ்சின் ஒழுங்காக இழுத்தது. ஆனால் நடு வளைவு நெருங்க நெருங்க, ஹேண்டில் பாரில் என் கை தானாக இறுகியது. நான் விழுந்த இடத்தில் தார் இன்னும் கீறியிருந்தது. பயம் அவருக்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சொன்னபடி நிறுத்தினேன். எஞ்சின் டிக் டிக்கென்று சூட்டில் முனகியது. சாலையோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தேன்.

கீழேயிருந்து மூச்சிரைக்க யாரோ வரும் சத்தம். இவர்தான். பையில் ஸ்பேனர்கள் குலுங்க, குட்டையாக வெட்டிய தலையும் பிடரியில் வெளுத்த கோடுமாக ஏறி வந்துகொண்டிருந்தார்.

"ஏன் வந்தீங்க?"

"சும்மா" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் குந்தினார். சிலிண்டரில் கை வைத்துப் பார்த்தார், சுட்டுவிட்டது, கையை உதறினார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.  கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்த் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார். திரும்ப வந்து உட்கார்ந்தார். மேலே நீதிபதி வீட்டு மாடி தெரிந்தது. யாரோ பால்கனியில் நாற்காலி போட்டு, கழுத்தில் துண்டோடு தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாவது தடவை போனபோது அவர் கையை எடுக்கவில்லை. சிலிண்டரின் மேல் உள்ளங்கையை முழுசாக வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தார்.

"ஆறிடுச்சு" என்றார்.

மேலே பார்த்தார். கீழே பார்த்தார். மறுபடியும் தராசாகிவிட்டாரோ என்று எனக்குத் திக்கென்றது.

எழுந்து, என் பெட்டியின் வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, வழியை விட்டு விலகி நின்றார்.

"போயிட்டு வா" என்றார்.